மீ. அம்பிகா

செஞ்சிக் கோட்டை தெரிய ஆரம்பித்த இடத்தில் பஸ் இரண்டு தரம் இருமிவிட்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது. நான் இதை எதிர்பார்த்தேன். விமானத்தில் ஏறியதிலிருந்தே எதையாவது எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டி வராது என்று நினைத்தேன், வந்துவிட்டது. கூட வந்த அம்மாவுக்குச் சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வயிறு கெட்டுப்போனது எனக்கு.

அந்த அம்மா பெயர் ரெமேதியோஸ். கனாரித் தீவில் நான் சமையல் வேலை பார்க்கிற சிந்திக்காரர் வீட்டுக்குப் பக்கத்து வீடு. தீவு கிடப்பது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில், ஆனால் நாடு ஸ்பெயின், பேச்சு ஸ்பானிஷ். அந்த அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது, தனி ஆள். நான் லீவில் ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "முரு, உன் ஊர் திருவண்ணாமலைதானே? நானும் வருகிறேன்."

என் ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கே போய் கீழ்பென்னாத்தூர் என்றால் யாருக்குத் தெரியும் என்று, பக்கத்தில் இருக்கிற பெரிய ஊரின் பெயரைச் சொல்லி வைத்திருந்தேன். அது என்னை இப்படிக் கொண்டுவந்து புளியமரத்தடியில் நிறுத்தும் என்று தெரியாது.

எண்பத்தொன்பதில் அவர் திருவண்ணாமலைக்கு வந்து, ஆசிரமத்துப் பக்கம் ஒரு மழைக்காலம் முழுக்க அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். தெருமுனையில் இட்லி விற்ற ஒரு பெண்தான் வேளாவேளைக்குக் கஞ்சியும், கீழாநெல்லி அரைத்துக் கலந்த மோரும் கொண்டுவந்து ஊற்றிப் பிழைக்க வைத்தாளாம். இப்போது அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. எதையும் நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறை. ஓரமாகத்தான் தெரியும். அதுவும் ரொம்ப நாளைக்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"முகங்கள்தான் முதலில் போகின்றன, முரு. முழுக்கப் போவதற்குள் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்."

"பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"அமிகா."

ஸ்பானிஷில் அமிகா என்றால் பெண் சிநேகிதம். "அது பெயர் இல்லையே, சென்யோரா."

"எங்களுக்குள் அதுதான் பெயர். அமிகா என்று கூப்பிட்டேன், வந்தாள்."

"போட்டோ?"

"அப்போது கண் நன்றாக இருந்தது. போட்டோ எதற்கு?"

இவ்வளவு துப்பை வைத்துக்கொண்டுதான் நாங்கள் கடலைத் தாண்டி வந்திருந்தோம்.

புளியமரத்தடியில் ஒரு பெண் வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேச்சு. ரெமேதியோஸ் ஒரு பொட்டலம் வாங்கி, பல்லால் கடித்து ஓட்டைப் பிளந்து, உள்ளே இருந்த உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு, அவர் ஊர் உருளைக்கிழங்கு ஞாபகம் வருகிறது என்றார். தீவில் உருளைக்கிழங்கைத் தோலோடு உப்பு நீரில் போட்டு, தோல் சுருங்கும்வரை வேகவைப்பார்கள். வறுத்த மாவை எதில் வேண்டுமானாலும் போட்டுப் பிசைந்து தின்பார்கள். அங்கே போன புதிதில் அந்த மாவு மணம்தான் எனக்கு ஆறுதல். நம்ம ஊர் பொரிமாவேதான்.

டிரைவர் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே என் கவலையைச் சொன்னேன். ஊரில் போய் எந்தச் சொல்லைச் சொல்லி விசாரிப்பது? தோழி என்றால் பாடப் புத்தகம். சிநேகிதி என்றால் வாரப் பத்திரிகை. கூட்டாளி என்றால் ஆம்பிளைப் பேச்சு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒருத்தியைப் பிடித்துப்போனால் அக்கா என்றோ அண்ணி என்றோ உறவாக்கிக்கொள்வார்கள். அதில் சேராதவள் 'தெரிஞ்சவங்க', அவ்வளவுதான். போதாக்குறைக்கு அமிகாவே ஒழுங்கான சொல்லா என்பதில் எனக்குச் சந்தேகம். என் முதலாளி இன்னொரு வியாபாரியைப் பற்றிப் பேசும்போது "அவனுடைய அமிகா" என்று குரலைத் தாழ்த்துவார். அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று சமையல்கட்டில் இருப்பவனுக்குத் தெரியாதா?

ரெமேதியோஸ் சிரித்தார். ஊர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொல்லைப் பற்றிக் கேட்டால் விடமாட்டார்.

"அந்த அர்த்தமும் உண்டு, ரோமாபுரிக் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் நான் பிறந்தது தெற்கு ஸ்பெயின். அங்கே நான் சிறுமியாக இருந்தபோது, தெருவில் ஒருத்தி அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளைத் தன் வீட்டில் உட்காரவைத்து எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுப்பாள். அவளுக்கும் அமிகா என்றுதான் பெயர், அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அமிகா என்றுதான் பெயர். காலையில் அமிகாவுக்குப் போகமாட்டேன் என்று அழுவேன்."

"அப்படிப் பார்த்தால் நான் எட்டாவதோடு அமிகாவை விட்டவன்," என்றேன்.

"அதுதான் இவ்வளவு பயப்படுகிறாய்."

பிறகு, வாயில் மல்லாட்டையோடு, அந்தச் சொல்லின் வேரைத் தோண்ட ஆரம்பித்தார். லத்தீனில் அமிகா. அதற்குப் பின்னால் நேசி என்ற வினைச்சொல். அதற்கும் பின்னால் என்ன என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பேச்சு வராத குழந்தை வாயை மூடித் திறக்கும்போது வருகிற சத்தம், அம், அம்மா, அதிலிருந்து வந்திருக்கலாம் என்று சில படித்தவர்கள் ஊகிக்கிறார்களாம். அப்பாவின் தங்கைக்கு லத்தீனில் அமித்தா என்பார்களாம், அதுவும் அந்த வழியாம்.

"அத்தையா?"

"அத்தை. ஆனால் வெறும் ஊகம், முரு. எங்கேயும் போய்ச் சொல்லிவிடாதே."

சொல்ல எனக்கென்ன பைத்தியமா? தாய், அத்தை, வாத்தியாரம்மா, சிநேகிதி, வைப்பு எல்லோரும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருந்தால் நான் யாரைத் தேடுவது? எனக்கு ஒரு சொல் ஒரு இடத்தில் இருந்தால்தான் தூக்கம் வரும்.

பின்னால் வந்த வேறு பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் ஸ்டாப் வந்தபோது செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அங்கே என் அக்கா இருக்கிறாள். நாற்பது வயதாகியும் தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று ஊர் முழுக்கப் பெண் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு வெள்ளைக்காரியோடு இறங்கினால் அவள் கேட்கிற முதல் கேள்வி எது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கேள்வியைத் திருவண்ணாமலை லாட்ஜ் மேனேஜரே கேட்டுவிட்டார். "இவங்க உங்களுக்கு இன்னா வேணும் சார்?"

ரெமேதியோஸுக்குப் பழைய ஞாபகத்தில் நாலைந்து தமிழ்ச் சொற்கள் உண்டு. அதில் 'வேணும்' ஒன்று. உபசரிக்கிறார் என்று நினைத்து, "காப்பி," என்றார்.

"பக்கத்து வீட்டம்மா," என்றேன் நான்.

"எந்தப் பக்கத்து வீடு?" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு அறை, வேறு வேறு மாடி, என்று நான் இரண்டு முறை சொன்னேன். அதுவே சந்தேகத்தை ஜாஸ்தியாக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் ஏழுமலை என்பவரின் ஆட்டோவைப் பிடித்தோம். செங்கம் ரோட்டில் ரெமேதியோஸ் தங்கியிருந்த தெருவைக் கண்டுபிடித்தோம். ஆனால் தெரு தெருவாக இல்லை. கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் மூன்று மாடி. இட்லிக் குண்டான் இருந்த முனையில் ஒரு பேக்கரி. உள்ளே உயரமான வெள்ளைக்காரர்கள் வாழைப்பழ ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ரெமேதியோஸ் மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தார். "இங்கே சாம்பார் வாசனை இருக்கும்," என்றார், யாரோ திருடிக்கொண்டு போனதுபோல.

டீக்கடைக்காரர் கையை விரித்தார். "இட்லி விக்கறவங்க எத்தினியோ பேர் வந்தாங்க, போனாங்க. ரோட்டை அகலம் பண்ணாங்க, எல்லாம் கலைஞ்சிடுச்சி. பேரு தெரிஞ்சா சொல்லுங்க."

ஏழுமலை ரெமேதியோஸ் பக்கம் திரும்பி, சத்தம் போட்டால் எந்த மொழியும் புரியும் என்கிற நம்பிக்கையில், "பேரு! அந்தம்மா பேரு!" என்று கத்தினார்.

"மி அமிகா," என்றார் அவர். என் சிநேகிதி என்று அர்த்தம்.

"மீ. அம்பிகாவா?" ஏழுமலை என்னைப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாண்ணே? இனிஷியல் மீன்னா அப்பா பேரு மீனாட்சிசுந்தரமா இருக்கும். இல்ல மீசைக்காரரு யாராவதா?"

"அது பேர் இல்லங்க, சிநேகிதின்னு..." என்று ஆரம்பித்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். ஒருவேளை? அந்தப் பெண்ணின் பெயர் உண்மையிலேயே அம்பிகாவாக இருந்து, இவர் அமிகா என்று கூப்பிட, அவள் தன் பெயரைத்தான் வெள்ளைக்காரி கடித்துத் துப்புகிறாள் என்று திரும்பிப் பார்த்திருந்தால்? கூப்பிட்டேன், வந்தாள் என்கிறாரே! ஆட்டோவைக் கிளப்பச் சொன்னேன்.

இந்த ஊரில் கல்லை எறிந்தால் ஒரு அம்பிகாமேல் விழும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் அம்பிகா தாலுகா ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். இட்லி என்றதும் கோபித்துக்கொண்டார். அடுத்தவள் கல்லூரிப் பெண். எண்பத்தொன்பதில் அவள் தவழ்ந்துகொண்டிருந்திருப்பாள். ஒவ்வொருவரிடமும் ரெமேதியோஸ் மிக அருகில் போய், கோழி பார்ப்பதுபோலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையாட்டினார். தேரடியில் பழம் விற்ற அம்பிகா மட்டும், "ஆமா, நான்தான்! எத்தினி நாளாச்சி!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காமாலைக்கு நீ எனக்கு என்ன கொடுத்தாய் என்று கேள்," என்றார் ரெமேதியோஸ்.

"சாத்துக்குடி," என்றாள் அந்த அம்பிகா கொஞ்சமும் யோசிக்காமல். "ஒரு டஜன் போடட்டுமா?"

வாங்கிக்கொண்டு வந்தோம். அன்று சாயங்காலம் லாட்ஜ் மொட்டை மாடியில் உட்கார்ந்து அதை உரித்தோம். மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மலை தெரிகிறதா என்று கேட்டேன். "நேராகப் பார்த்தால் நடுவில் இல்லை. இரண்டு பக்கச் சரிவும் இருக்கிறது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கும் கிடைக்கவில்லையென்றால் திரும்பிவிடலாம், முரு. உனக்கும் லீவு கம்மி," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாத்துக்குடியை உரித்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்து அவர் கதவைத் தட்டினால், ஆள் இல்லை. மேனேஜர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "உங்க பக்கத்து வீட்டம்மா அந்த ஆட்டோவுல போனாங்க. அம்பிகா அம்பிகான்னு சொல்லினே ஏறினாங்க."

மொழி தெரியாது, முகம் தெரியாது, பர்ஸ் என்னிடம் இருக்கிறது. அவருக்கு ஒன்றென்றால் எந்த ஆபீசில் போய் யாரிடம் சொல்வது? 'இவங்க உங்களுக்கு இன்னா வேணும்' என்று அங்கேயும் கேட்பார்களே? ஈரத் தலையோடு தேரடி வரைக்கும் ஓடினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளைக்கார அம்மா ஒருவரை ரெமேதியோஸ் என்று நினைத்து இழுத்து நிறுத்தி, பிறகு மன்னிப்புக் கேட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு ஹாரன்.

"ஏறுங்கண்ணே," என்றார் ஏழுமலை. "இன்னா இப்படி வேர்த்துக் கீறீங்க? அந்தம்மா பத்திரமா சாப்பிட்டுனு கீறாங்க. அம்பிகாவுங்க எல்லாம் தீந்துபோச்சி, பாக்கி அம்பிகா டிபன் ஒண்ணுதான். அவலூர்பேட்டை ரோடு. ஆளு இல்லன்னாலும் இட்லியாவது கெடைக்கும்னு உக்கார வெச்சிட்டு வந்தேன்."

தகரக் கூரை, நாலு பெஞ்சு. வாசலில் தகரத்தில் எழுதிய போர்டு சுவரில் சாய்ந்திருந்தது: அம்பிகா டிபன் சென்டர். உள்ளே மூலையில் ரெமேதியோஸ் மூன்றாவது இட்லியில் இருந்தார். "இந்தச் சட்னியில் எனக்குத் தெரிந்த ஏதோ இருக்கிறது, முரு," என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. கோபத்தோடு நேரே அடுப்படிக்குப் போனேன். குட்டையாக, அகலமாக, ஒரு அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி ஊற்றப்பத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அம்பிகாங்கறது நீங்களா?"

"நான் பச்சையம்மாள்பா. அம்பிகா என் கூட்டாளி. அவ பேர்லதான் கடை."

"அவங்க எங்க இருக்காங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்? அவ ஒரு வெள்ளக்காரி. ஊருக்குப் போய்ட்டா."

நான் பக்கத்திலிருந்த அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். "வெள்ளைக்காரிக்கு அம்பிகான்னா பேரு?"

"அவளே சொன்னா. நான் இன்னா, ஒளர்றனா?" அந்த அம்மா கரண்டியோடு திரும்பினார். "காமாலை வந்து கெடந்தா. நான் கஞ்சி எடுத்துனு போனா, நெஞ்சில கைய வெச்சினு, என்னையும் காட்டினு, அம்பிகா, அம்பிகான்னு சொல்லினே இருப்பா. பாவம், பேரு மறந்துடப் போவுதுன்னு பயந்து சொல்லிப் பாத்துக்கறா போலன்னு நெனைச்சேன். நானும் விடாம அம்பிகா, அம்பிகான்னு கூப்ட்டுனே இருந்தேன், மறக்கக் கூடாதேன்னு."

மூலையில் தட்டு நகரும் சத்தம் கேட்டது. ரெமேதியோஸ் எழுந்து நின்றிருந்தார். வாசல் வெளிச்சம் பின்னால் இருந்ததால் பச்சையம்மாளுக்கு அவர் முகம் தெரியவில்லை. ரெமேதியோஸுக்கோ அடுப்படியில் ஒரு அகலமான நிழல். தலையைச் சாய்த்துக் குரல் வந்த பக்கம் காதைக் கொடுத்தார்.

"அமிகா?" என்றார் ஒருவர்.

"அம்பிகா?" என்றார் மற்றவர்.

நடுவில் ஒரு 'ப்'தான் வித்தியாசம். யார் முதலில் சொன்னது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கரண்டி கீழே விழுந்தது. ஊற்றப்பம் தீய்ந்தது. ஏழுமலைதான் ஓடிப்போய் அதை எடுத்தார்.

ரெமேதியோஸ் பச்சையம்மாளை வாசல் வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். மாவுக் கையோடு நின்றவரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். முதலில் நேராக. பிறகு இந்தக் கண்ணின் ஓரத்தால், அந்தக் கண்ணின் ஓரத்தால், நெற்றி, மூக்குத்தி, கன்னம் என்று துண்டுதுண்டாக. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. கடைசியில் ரெமேதியோஸ் ஸ்பானிஷில் ஒரு வாக்கியம் சொன்னார்.

"இன்னா சொல்றா?" என்றார் பச்சையம்மாள்.

கிழவியாகிவிட்டாய் என்று சொல்லியிருந்தார். இதை எப்படிச் சொல்வது? "நல்லா இருக்கீங்கன்னு சொல்றாங்க," என்றேன்.

"பொய் சொல்லாத தம்பி. கெழவியாயிட்டன்னுதான சொன்னா? மூஞ்சிலயே தெரியுதே. நீ மட்டும் கொமரியான்னு கேளு."

கேட்டேன். ரெமேதியோஸ் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது.

பிறகு நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அமிகா என்றால் சிநேகிதி, அது பெயர் இல்லை, உங்களைத்தான் அப்படிக் கூப்பிட்டார் என்று. பச்சையம்மாள் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ இவ பேரு?"

"ரெமேதியோஸ். மருந்துன்னு அர்த்தம்."

"மருந்தா? மருந்துன்னு பேர வெச்சினா அந்தக் கீழாநெல்லிய குடிக்க அத்தினி அழிச்சாட்டியம் பண்ணா?" இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "ரேமே... ரெம்தி... வாயில நொழையலப்பா. அம்பிகாவே இருக்கட்டும். போர்டு வேற எழுதியாச்சி."

இதற்குள் ரெமேதியோஸும் இந்தப் பக்கம் முயன்றுகொண்டிருந்தார். "பச்சாயம்மா. பச்சாய்... அம்மா." அங்கே நின்றுவிட்டார். என் பக்கம் தலையைச் சாய்த்தார். "அம்மா," என்றார் மறுபடியும். புளியமரத்தடியில் வெறும் ஊகம் என்று இவர்தானே சொன்னார்?

மூன்று நாள் அந்தக் கடையிலேயே கழிந்தது. இரண்டு பேரும் அவரவர் மொழியில் பேசினார்கள். நான் வெங்காயம் நறுக்கினேன். மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை. கிளம்புகிற அன்று ரெமேதியோஸ் போர்டுக்கு முன்னால் குந்தி, பெயின்ட் தடித்திருந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பச்சையம்மாள் பக்கத்தில் நின்று, "அ... ம்... பி... கா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரெமேதியோஸும் திருப்பிச் சொன்னார். அவருக்கு 'பி' வரவேயில்லை.

சென்னை பஸ் கீழ்பென்னாத்தூரில் நின்றபோது நான் குனியவில்லை. பெட்டிகளோடு இறங்கிவிட்டோம். விமானத்துக்கு ஒரு நாள் இருந்தது. தாமதமாகுமோ, அடுத்த பஸ்ஸில் இடம் கிடைக்குமோ என்ற கவலை இருந்தது, அது எப்போதும் இருப்பதுதான்.

அக்கா வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள், தெருவில் யார் யார் பார்க்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டாள்.

"யார்டா இது? உனுக்கு இன்னாடா வேணும் இவங்க?"

"அம்பிகா," என்றேன்.

"பேர யார்ரா கேட்டா? உனுக்கு இன்னா வேணும்னு கேட்டேன்."

"அதத்தான்க்கா சொன்னேன்."

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் 'வேணும்' என்ற சொல் ரெமேதியோஸின் காதில் விழுந்துவிட்டது. என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, தலையைச் சாய்த்து அக்காவின் முகத்தை ஓரமாகப் பார்த்து, "காப்பி," என்றார்.

அக்கா பால் இருக்கிறதா பார்க்க உள்ளே போனாள்.